ஞாயிறு திங்களாகும் ஊரில்

சீனாவில் சில ஞாயிற்றுக்கிழமைகள் திங்கட்கிழமைகளாகிவிடும். அரசு உத்தரவு அப்படி. அக்டோபர் 1 தேசிய தினத்தை ஒட்டி மக்களுக்குத் தொடர் விடுமுறை கிடைக்க வேண்டும் என்பதற்காக, அதற்கு முன்னும் பின்னும் வரும் ஒரு சனியோ ஞாயிறோ வேலை நாளாக அறிவிக்கப்படும். விடுமுறையைக் கடனாகக் கொடுத்து வார இறுதியில் வசூல் செய்யும் ஏற்பாடு.

அப்படிப்பட்ட ஞாயிறு ஒன்றில், செஜியாங் மாகாணத்தின் கெச்சியாவ் நகரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினோராவது மாடியில் சின்னக் கலவரம் நடக்கும். பதின்மூன்று வயது மகள் பள்ளிச் சீருடையில் காலணி தேடுவாள். அம்மா டிபன் டப்பாவில் தேப்லாவை மடித்து வைப்பார். சூரத்தில் இருக்கும் பாட்டிக்கு இது எத்தனை வருடமானாலும் புரிவதில்லை. "ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடமா? யாராவது செத்துப்போனார்களா?" என்று தொலைபேசியில் கேட்பார். யாரும் சாகவில்லை. நாட்காட்டியில்தான் மாற்றம்.

சீனர்களுக்கே இரண்டு நாள் வார இறுதி பழைய சொத்து அல்ல. 1995 மே 1ஆம் தேதிதான் சனியும் ஞாயிறும் விடுமுறை என்பது நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு சனிக்கிழமையும் வேலை நாள்தான். இன்று நாற்பதைத் தாண்டிய எந்தச் சீனரும் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தை நினைவில் வைத்திருப்பார். 1999இல் அக்டோபர் விடுமுறை ஒரு வாரமாக நீட்டப்பட்டபோதுதான், அதற்கு ஈடாக வார இறுதியை நகர்த்தும் வழக்கம் வேரூன்றியது. தங்களுக்கே புதிதாகக் கிடைத்த ஒன்றை அவர்கள் அவ்வப்போது திருப்பிக் கொடுக்கிறார்கள். முணுமுணுப்போடுதான்.

சூரத் குடும்பம் இந்த வாழ்க்கைக்குள் வந்து சேர்ந்தது துணியால். ஷாங்காய்க்குத் தென்மேற்கே, ஹாங்ஜோ நகரை ஒட்டி இருக்கும் ஷாவ்ஷிங் மாநகரின் ஒரு மாவட்டம் கெச்சியாவ். கால்வாய்களும் கல் பாலங்களும் கொண்ட இந்த ஊரில் 1980களில் தொடங்கிய ஒரு துணிச் சந்தை, 1992இல் 'சீன ஜவுளி நகரம்' என்று பெயர் மாறியது. இன்று உலகின் மிகப் பெரிய ஜவுளிச் சந்தைகளில் அது ஒன்று. மாடி மாடியாக, வரிசை வரிசையாகக் கடைகள். ஒவ்வொரு கடை வாசலிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கும் மாதிரித் துண்டுகள். அவற்றை விரலால் தேய்த்துப் பார்த்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, கால்குலேட்டரில் எண்களைத் தட்டிப் பேரம் பேசும் வெளிநாட்டவரில் இந்தியர்களுக்கு முக்கிய இடம் உண்டு. சூரத், தில்லி, மும்பை வியாபாரிகளுக்காகச் சரக்கைப் பார்த்து வாங்கி அனுப்பும் ஏஜெண்டுகள் இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் மனைவிகள் வந்தார்கள். பிறகு பருப்பு, கோதுமை மாவு விற்கும் இந்தியக் கடைகள், தாலி மீல்ஸ் போடும் ஓட்டல்கள்.

குடும்பத் தலைவர் 2008இல் ஒரு சூரத் முதலாளியின் ஆளாகத் தனியாக வந்தவர். இப்போது சொந்தமாகச் சின்ன அலுவலகம் வைத்திருக்கிறார். சனிக்கிழமை என்ற சொல்லுக்கு அவர் அகராதியில் பொருள் இல்லை. சந்தை வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும். அதை நீண்ட நாள் மூட வைப்பது வசந்த விழா எனப்படும் சீனப் புத்தாண்டு மட்டுமே. நிங்போ துறைமுகத்துக்குக் கண்டெய்னர் போய்ச் சேர வேண்டிய நாள் சனிக்கிழமையைப் பார்த்து வருவதில்லை. ஆகவே காலை ஒன்பது மணிக்குக் கிடங்குக்குப் போய், விளக்கு எரியும் மேஜையில் துணியை ஓட விட்டு, சாயத்தில் ஷேடு மாறியிருக்கிறதா, எடை சொன்னபடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூன்று மணிக்குத் திரும்புகிறார். அவருடைய வார இறுதி அப்போது தொடங்குகிறது. ஒன்றரை நாள்.

அதற்குள் தாயும் மகளும் காய்கறிச் சந்தைக்குப் போய் வந்திருப்பார்கள். குஜராத்திச் சமையலறைக்கு இந்தச் சந்தை ஏமாற்றம் அளிப்பதில்லை. பாகற்காய், சுரைக்காய், கொத்துமல்லி, இஞ்சி எல்லாம் உண்டு. வெண்டைக்காய் கிடைக்கும், விலைதான் கூடுதல். பன்னீருக்குப் பதில் டோஃபு. துவரம் பருப்பும் பெருங்காயமும் இந்தியக் கடையில் வாங்க வேண்டும். காய்க்காரியிடம் பேசுவது அம்மா அல்ல, மகள். "ஆயி" என்று அவள் கூப்பிடுகிறாள். அம்மா வயதுப் பெண்களைச் சீனக் குழந்தைகள் மரியாதையோடு அழைக்கும் சொல் அது. நேற்றைய கீரைக்கு இன்றைய விலையா என்று சண்டை போடுகிறாள். ஷாவ்ஷிங் வட்டார வழக்கில் ஒன்றிரண்டு சொற்களையும் இடையே எடுத்து வீசுகிறாள். காய்க்காரி சிரித்துக்கொண்டே இரண்டு தண்டு வெங்காயத் தாளைப் பையில் சும்மா போடுகிறாள். மகள் அதை எடுத்துத் திருப்பிக் கொடுக்கிறாள். வீட்டில் வெங்காயம், பூண்டு கிடையாது. அம்மா பக்கத்தில் பை பிடித்துக்கொண்டு நிற்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த, சூரத் கடைத்தெருவில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத பெண்மணி. இங்கே விலை கேட்கவும் பணம் கட்டவும் தெரியும். அதற்கு மேல் பேச்சு நீண்டால் மகள் முகத்தைப் பார்க்கிறார்.

வார நாட்களில் பெற்றோர் பிள்ளையை வளர்க்கிறார்கள். வார இறுதியில் பிள்ளை பெற்றோரை நடத்திச் செல்கிறது. வங்கி, மருத்துவமனை, கேஸ் கட்டணம், குடியிருப்பு நிர்வாகத்தின் சுற்றறிக்கை என்று வாரம் முழுவதும் சேர்ந்த காகிதங்களும் கைப்பேசிச் செய்திகளும் சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜைக்கு வருகின்றன. அப்பா பேசும் சீனம் சந்தைச் சீனம். மீட்டர், எடை, தள்ளுபடி, தாமதம் எல்லாவற்றுக்கும் அவரிடம் சொல் இருக்கிறது. ஆனால் எழுத்து கண்ணில் நிற்பதில்லை. 2023இல் வீடு மாறியபோது காவல் நிலையத்துக்குப் போனதும் இவர்கள் மூவரும்தான். ஓட்டலில் அல்லாமல் வேறு வீட்டில் தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் காவல் துறையிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். பத்து வயது மகள் அதிகாரியின் கேள்விகளை குஜராத்தியிலும் பெற்றோரின் பதில்களைச் சீனத்திலும் மாற்றிச் சொன்னாள். அதிகாரி அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். வெளியே வந்ததும் அப்பா வெகுநேரம் பேசவில்லை. பெருமைதான். ஆனால் பெருமை மட்டும் இல்லை.

இந்தப் பெண் இடையில் ஒரு முறை தன் சீனத்தை முழுக்க இழந்தவள்.

2020 ஜனவரி. வசந்த விழாவுக்குச் சந்தை மூடும் நேரத்தில் கெச்சியாவ் இந்தியர்கள் வழக்கம்போல ஊருக்குப் புறப்பட்டார்கள். தாயும் ஏழு வயது மகளும் சூரத் போனார்கள். சரக்குப் பாக்கி இருந்ததால் அப்பா தங்கிவிட்டார். இரண்டு வாரத்தில் திரும்புவதாக ஏற்பாடு. கொரோனா பரவியதும் விமானங்கள் நின்றன. மார்ச் 28 முதல் விசாவும் தங்கும் அனுமதியும் வைத்திருந்த வெளிநாட்டவருக்கும் சீனா கதவைச் சாத்தியது. ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் மோதல். அந்த மாத இறுதியில் இந்தியா 59 செயலிகளைத் தடை செய்தது. அந்தப் பட்டியலில் வீசாட்டும் இருந்தது. இந்தியாவில் எல்லோரும் பயன்படுத்தும் வாட்ஸ்அப் சீனாவில் ஏற்கெனவே முடக்கப்பட்டிருந்தது. அப்பா இருந்த நாட்டில் ஒன்று ஓடாது, மகள் இருந்த நாட்டில் மற்றது ஓடாது. இரண்டு அரசுகளும் தத்தம் பாதுகாப்புக்காக எடுத்த முடிவுகளுக்கு நடுவே, ஒரு தகப்பன் ஞாயிற்றுக்கிழமை மகள் முகம் பார்க்க ஒவ்வொரு வாரமும் ஒரு புது வழி தேட வேண்டியிருந்தது. சில வாரங்கள் இந்திய சிம் கார்டின் ரோமிங் கைகொடுத்தது. சில வாரங்கள் வெறும் தொலைபேசிக் குரல். சில வாரங்கள் அதுவும் இல்லை.

இங்கே வேலை செய்பவர்களின் இந்தியக் குடும்பத்தினருக்கு விசா மீண்டும் திறந்தது 2022 ஜூனில். தாயும் மகளும் மூன்றாம் நாடு வழியாகச் சுற்றி வந்து, ஓட்டல் அறைத் தனிமையை முடித்து, வீடு சேர்ந்தபோது மகளுக்குச் சீனத்தில் ஒரு வாக்கியம் கோக்க வரவில்லை. கற்றிருந்த எழுத்துகளில் பாதிக்கு மேல் போயிருந்தன. மாறாக, பாட்டி வீட்டில் கழிந்த இரண்டரை வருடத்தில் குஜராத்தி எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. இன்று அவள் குஜராத்தி எழுதுகிறாள் என்றால் அது அந்தப் பிரிவு தந்தது. அம்மா இதைக் கணக்காகச் சொல்வதுண்டு: "போனது ஒன்று, வந்தது ஒன்று." அப்பா அந்தக் கணக்கில் சேர்வதில்லை. மகளின் ஏழரை வயதும் எட்டு வயதும் ஒன்பது வயதும் அவரிடம் கைப்பேசிப் படங்களாக மட்டுமே இருக்கின்றன.

சீனம் ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்தது. அதில் சனிக்கிழமைகளுக்குப் பங்கு உண்டு. பள்ளிப் பாடங்களுக்கு வார இறுதியிலும் விடுமுறையிலும் டியூஷன் நடத்தக் கூடாது என்று 2021 ஜூலையில் சீன அரசு தடை விதித்திருந்தது. அதுவரை பிள்ளைகளின் சனி, ஞாயிறுகளை விழுங்கிக்கொண்டிருந்த பயிற்சி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. வசதி படைத்தவர்கள் வேறு வழி தேடிக்கொண்டார்கள் என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலையில் கொஞ்சம் நேரம் மிஞ்சியது. அவர்களோடு விளையாடித்தான் இவள் மொழியை மீட்டாள். இப்போது சனிக்கிழமைகளில் தூரிகை எழுத்துப் பயிற்சிக்குப் போகிறாள். வகுப்பில் ஒரே வெளிநாட்டுப் பிள்ளை. அவள் எழுதிய ஒரு தாள் வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று விருந்தாளிகள் கேட்டால், அம்மா மகளைக் கூப்பிடுகிறார்.

சில சனிக்கிழமைகளில், அப்பா திரும்பியதும், மூவரும் ஷாவ்ஷிங் பழைய நகருக்குப் போகிறார்கள். சீன நவீன இலக்கியத்தின் பிதாமகரான லூ சுன் 1881இல் பிறந்த ஊர் இது. அவர் வீடும், சிறுவனாக அவர் படித்த திண்ணைப்பள்ளி போன்ற பழைய பள்ளியும் நினைவகங்களாகப் பாதுகாக்கப்படுகின்றன. அந்தப் பள்ளியையும் வீட்டுத் தோட்டத்தையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஏழாம் வகுப்புப் பாடம். வார இறுதியில் பாடப் புத்தகத்தோடு வரும் பிள்ளைகளால் அந்தத் தெரு நிரம்பி வழிகிறது. ஒரு நாள் தாமதமாக வந்து ஆசிரியரிடம் திட்டு வாங்கிய லூ சுன், 'சீக்கிரம்' என்று பொருள்படும் எழுத்தைத் தன் மேஜையில் செதுக்கி வைத்தாராம். மகள் அந்த மேஜையைக் காட்டி விளக்குகிறாள். வெளியே துர்நாற்ற டோஃபு பொரியும் வாடை. கறுப்புக் கூரை போட்ட படகுகள் கால்வாயில் போகின்றன. காலால் துடுப்பு வலிக்கும் படகோட்டியைப் பார்த்து அப்பா வியக்கிறார். மகள் வியப்பதில்லை. அவளுக்கு அது பாடப் புத்தகத்தில் வரும் சங்கதி, பக்கத்து ஊர்ச் சங்கதி. மகளின் நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள்போல அவள் பெற்றோர் அவள் பின்னே நடக்கிறார்கள்.

சனிக்கிழமை இரவு குடியிருப்புக்கு எதிரே உள்ள திடலில் பாட்டுப் பெட்டி முழங்குகிறது. ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் வரிசையாக நின்று ஆடுகிறார்கள். சீன நகரங்களில் எல்லாத் திடல்களிலும் நடக்கும் மாலை நடனம். முதல் வருடம் ஜன்னலிலிருந்து பார்த்த அம்மா, இரண்டாம் வருடம் கீழே இறங்கிப் பார்த்தார். இப்போது கடைசி வரிசையில் நிற்கிறார். கர்பா ஆடிய கால்களுக்கு இந்த அடிகள் சிரமம் இல்லை. இங்கே மகள் தேவைப்படுவதில்லை. இது அவருக்கு மட்டுமான சீனம். நவராத்திரிக்கு கெச்சியாவ் குஜராத்திகள் ஆடும் கர்பாவும் ஒன்பது இரவுகளுக்குப் பதில் ஒரு வார இறுதிக்குள் முடிந்துவிடுகிறது. சீன அரசு அங்கீகரித்த மதங்கள் ஐந்து: பௌத்தம், தாவோயிசம், இஸ்லாம், கத்தோலிக்கம், புராட்டஸ்டண்டு கிறிஸ்தவம். இந்து மதம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கிருஷ்ணர் படுக்கையறை அலமாரியில் இருக்கிறார். கதவைத் திறந்தால் கோயில், மூடினால் துணி அலமாரி.

ஞாயிற்றுக்கிழமை ஹாங்ஜோ. 2021இல் மெட்ரோ ரயில் இணைப்பு வந்ததிலிருந்து கெச்சியாவில் ஏறி ஹாங்ஜோவில் இறங்குவது உள்ளூர்ப் பயணம்போல ஆகிவிட்டது. மேற்கு ஏரிக்கு வரும் கூட்டத்தைத் தவிர்த்து, இந்தக் குடும்பம் நேரே லிங்யின் கோயிலுக்குப் போகிறது. காரணம் பக்தி பாதி, பசி பாதி. கோயில் சைவச் சாப்பாட்டில் இறைச்சி மட்டும் அல்ல, வெங்காயமும் பூண்டும் கிடையாது. காரமான மணம் கொண்ட ஐந்து வகைச் செடிகளைச் சீன பௌத்தத் துறவிகள் ஒதுக்குகிறார்கள். சூரத் வைணவ வீட்டின் சமையல் விதியும் செஜியாங் பௌத்த மடத்தின் சமையல் விதியும் ஒன்றாக இருப்பதை இவர்கள் முதல் முறை கண்டுபிடித்தபோது, அம்மா இரண்டாவது கிண்ணம் நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டார். சீனாவில் என்ன எண்ணெய், என்ன சாறு என்று கேட்காமல் அவர் சாப்பிட்ட முதல் வெளிச்சாப்பாடு அது.

கோயிலுக்கு எதிரே ஒரு சுண்ணாம்புக் குன்று. அதன் பெயருக்கு 'பறந்து வந்த சிகரம்' என்று பொருள். நான்காம் நூற்றாண்டில் ஹுயிலி என்ற இந்தியத் துறவி இங்கே வந்தார், இந்தக் குன்றைப் பார்த்ததும் திகைத்தார், இது எங்கள் ஊர்க் கழுகுமலை ஆயிற்றே, எப்போது பறந்து இங்கே வந்தது என்று கேட்டார் என்பது ஐதிகம். கழுகுமலை பிகாரின் ராஜகிருகத்தில் இருக்கிறது, புத்தர் போதித்த இடம். துறவி இங்கேயே தங்கிக் கோயிலை நிறுவினார் என்கிறார்கள். பிற்பாடு பல நூற்றாண்டுகள் இந்தக் குன்றின் பாறைகளிலும் குகைகளிலும் புத்தர் உருவங்களைச் செதுக்கினார்கள். தொந்தியும் சிரிப்புமாகச் சாய்ந்திருக்கும் ஒரு புத்தர் முன்னால்தான் எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அப்பாவுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். புதிதாக வரும் ஒவ்வோர் இந்தியரையும் இங்கே அழைத்து வந்து, "இந்தக் குன்றுக்கு மட்டும் யார் நிரந்தர விசா கொடுத்தார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்பார்.

சிரிப்புக்குப் பின்னால் விஷயம் இருக்கிறது. அவருடைய தங்கும் அனுமதி வேலை அனுமதியோடு கட்டப்பட்டது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். மனைவியும் மகளும் அவருடைய காகிதத்தில் தொங்குகிறார்கள். சீனாவின் 1980ஆம் வருடத்துக் குடியுரிமைச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியாவும் ஏற்பதில்லை. மகள் இங்கே ஒன்பதாம் வகுப்பை முடிக்கும்போது பாதை பிரியும். அவளுடைய வகுப்புத் தோழிகள் உயர்நிலைப் பள்ளிக்கும், பிறகு கௌகாவ் எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கும் போவார்கள். வேலை அனுமதியில் வந்தவரின் பிள்ளைக்குப் பொதுவாக அந்தத் தேர்வில் இடம் இல்லை. வெளிநாட்டு மாணவி என்ற தனி வாசல் வழியாகத்தான் சீனப் பல்கலைக்கழகத்தில் நுழையலாம். அல்லது இப்போதே சூரத் திரும்பி, இந்தியப் பாடத்திட்டத்துக்கு மாற வேண்டும். மொழி தெரியாத காரணத்தால் அல்ல, மொழி நன்றாகத் தெரிந்த பிறகும் வெளியாளாகவே நிற்க வேண்டிய நிலை. தகப்பனைவிட மகளுக்குத்தான் இது கடினம். அவர் சம்பாதிக்க வந்தவர். அவள் எதற்கும் வந்தவள் அல்ல. அவள் இங்கே வளர்ந்தாள், அவ்வளவுதான்.

இந்தப் பேச்சு இந்த வீட்டில் ஞாயிறு மாலை மட்டுமே எழுகிறது. மற்ற நாட்களில் அதற்கு நேரம் இல்லை. மெட்ரோவில் திரும்பும்போது தொடங்கி, சமையலறையில் தொடர்ந்து, முடிவில்லாமல் நிற்கும். அம்மா திரும்ப வேண்டும் என்கிறார். பிறகு, இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்று அவரே சொல்கிறார். அப்பா நேர்மாறாகத் தொடங்கி அதே இடத்தில் முடிக்கிறார். மகளிடம் கேட்டால் வீட்டுப்பாடம் இருக்கிறது என்று எழுந்து போய்விடுகிறாள்.

இரவு எட்டு மணிக்கு அலைபேசி மணி அடிக்கிறது. சூரத்தில் மாலை ஐந்தரை. பாட்டி தேநீர் குடித்துவிட்டு உட்காரும் நேரம். இந்திய - சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மீண்டும் பறக்கத் தொடங்கிவிட்ட செய்தி அவருக்குத் தெரியும். இனி மூன்று ஊர் சுற்ற வேண்டாமே, எப்போது வருகிறீர்கள் என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறார். மகள் நல்ல குஜராத்தியில் பதில் சொல்கிறாள். பரீட்சை முடிந்ததும் சூரத் வருவார்களாம். ஒரு மாதம் இருப்பார்களாம். ஆம்ரஸ் வேண்டுமாம், மாடியில் படுக்க வேண்டுமாம்.

"அப்புறம் வீட்டுக்குப் போய்விடுவோம் தாதி" என்கிறாள்.

பாட்டி ஒரு கணம் பேசாமல் இருக்கிறார். பிறகு, மாம்பழம் இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது என்கிறார்.